வாயை மட்டும் அசை

"பாட்டு டீச்சருக்குப் பயிற்சி எதுக்கு? பாடத் தெரியும்னுதானே வேலை குடுத்தோம்?"

மீஞ்சூரில் அண்மையில் நடந்த ஒரு பள்ளிக் கூட்டத்தில், கல்வித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மைக்கில் கேட்ட கேள்வி இது. கூட்டம் கைதட்டியது. அவர் அத்தோடு நிற்கவில்லை. இசை பிறவியிலேயே வர வேண்டியது, குருமுகமாகக் கற்றதைப் பயிற்சி வகுப்பு கெடுக்கத்தான் செய்யும், நாளைக்கு அனல் மின் நிலையத்துக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் போர்டில் நாலு பாட்டைப் போட்டுக் காட்டினால் போதும் என்றார். பாட்டு டீச்சரான நான் பதில் சொல்ல எழுந்தேன். நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் தவறு. அந்தத் தவறு போய் விழுவது பிள்ளைகள் தலையில்.

குருமுகம் என்றீர்கள். குருவின் எதிரே ஒருவரோ நால்வரோ உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில், விடியற்காலையில் கற்ற முறை அது. என் எதிரே 45 பேர். 40 நிமிடம். வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் போர்ஷன் முடியவில்லை என்று கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இரண்டும் ஒரே வேலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்த வித்தியாசம் முந்தைய தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, மூன்றே ஆண்டில், 1931இல், இசை ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஒரு கல்லூரியைத் திறந்தது. அதற்கு முதல்வராக இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருமுகமாகப் பாடம் கேட்டவர். அவரே ஆசிரியர்களுக்கான கல்லூரிக்குத் தலைமை ஏற்றார் என்றால், பயிற்சி வித்தையைக் கெடுக்கும் என்று சொல்ல உங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

ஹங்கேரியில், இசையமைப்பாளர் கோடாயின் சொந்த ஊரான கெச்கெமெட்டில், 1950இல் தினமும் பாட்டுப் பாடம் நடக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று வந்தது. 1975இல் அதே ஊரில் இசை ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென்று தனி நிறுவனமே வந்தது. பிள்ளைகள் பாட வேண்டுமென்றால் முதலில் ஆசிரியர் படிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

பாடத் தெரிந்தால் போதும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். என் சுருதி ஐந்தரைக் கட்டை. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் தம்பூரா செயலியை ஐந்தரையில் வைத்து, எல்லா வகுப்புக்கும் அதிலேயே சரளி வரிசை சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பு அழகாகப் பாடியது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது குரல் பிளந்தது. பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். பையன்கள் குறும்பு செய்கிறார்கள் என்று நினைத்து அதட்டினேன். அது மகரக்கட்டு. அந்த வயதில் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சில மாதங்களுக்குச் சில பையன்களின் கைவசம் இருப்பது ஐந்தாறு ஸ்வரங்கள்தான். எனக்கு மாயாமாளவகௌளை தெரியும், கீர்த்தனை தெரியும். என் முன்னால் நிற்கும் பையனின் தொண்டையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை.

பல வருடம் கழித்து, கைக்காசு போட்டுச் சென்னையில் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். சுருதியைப் பிள்ளைக்கு இறக்கு. அவனுக்கு எந்த ஸ்வரம் சுத்தமாக நிற்கிறதோ அதைத் தேடிப் பிடி. அங்கிருந்து ஒன்று மேலே, ஒன்று கீழே போ. அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நீங்கள் தேவையில்லை என்கிறீர்கள்.

2012இல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி என்று என்னையும் சேர்த்து 16,000க்கும் மேற்பட்டவர்களைத் தமிழக அரசு பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். 2024இல்தான் அது 12,500 ஆனது. இந்தச் சம்பளத்தில் பயிற்சிக்கும் சேர்த்துச் செலவழித்தோம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பாட்டும் ஆட்டமுமாக எழுத்தும் எண்ணும் கற்பிக்கிற திட்டம். அதற்காக மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சரியான காரியம். பாட்டை வைத்துக் கணக்கு நடத்துகிறவருக்குப் பயிற்சி வேண்டும், பாட்டையே நடத்துகிறவருக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்? அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் வந்தது. பரிசு வாங்கிய பிள்ளையை மேடையில் பாராட்டுகிறோம். அந்தப் பிள்ளையைத் தயார் செய்கிறவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஸ்மார்ட் போர்டு பாடும், ஐயா. கேட்காது. மூன்றாம் பெஞ்சில் இருக்கிற பிள்ளை காந்தாரத்தைக் கீழே விட்டுவிட்டது என்று அதற்குத் தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த குழந்தைக்குச் சொல் தெரியாவிட்டாலும் தாளம் பிடிபட்டுவிட்டது என்று கண்டுபிடித்து முன்வரிசைக்கு அழைத்து வராது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, சிப்காட்டுக்குப் போகிற பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்ற உங்கள் பேச்சு. அந்தத் தொழிற்சாலைகளில் சான்றிதழ் இல்லாத ஆளைப் பாய்லர் பக்கம் விடமாட்டார்கள். புது மெஷின் வந்தால் பழைய ஆபரேட்டரையும் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். இரும்புக்குக் காட்டுகிற அக்கறையைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் குரலுக்குக் காட்ட வேண்டாம் என்கிறீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சென்னையில் பாட்டு வகுப்பு இருக்கிறது. இங்கே உள்ள பிள்ளைக்கு நாங்கள்தான்.

அந்த ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆறாம் வகுப்பில் என் முதல் வரிசைப் பாடகன். சுதந்திர தினப் பாட்டு ஒத்திகையில் அவன் குரல் தனியாக உடைந்து கேட்டது. "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்றேன். பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் பிறகு பாடவே இல்லை. போன வருடம் மீஞ்சூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன். கம்பெனிச் சட்டையோடு கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்றுகொண்டிருந்தான்.

"இப்பல்லாம் பாடுறியாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் பாட வராதே மிஸ். நீங்கதானே சொன்னீங்க" என்றான்.