மதுவும் கணையமும்

மதுபானத்தின் தீமையைக் கூறப்புகுவோர் பெரும்பாலும் ஈரலின் கேட்டைக் கூறி அமைகின்றனர். இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் கணையத்தை நினைப்பார் சிலரே. இது பெருங்குறை என்பது நம் கருத்து.

ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வுறுப்பு, உணவைச் செரிப்பிக்கும் நீரைச் சுரப்பதோடு, 1921-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் பிரித்தெடுத்த இன்சுலினையும் இரத்தத்திற் சேர்க்கின்றது. அச்செரிமான நீர் சிறுகுடலை அடைந்த பின்னரே வலிமை பெறுதல் இயற்கை. நெடுநாட் பெருங்குடியோ அவ்வொழுங்கைக் குலைக்கின்றது. நீர் கணையத்துள்ளேயே வலிமையுற்று, தன்னைச் சுரந்த உறுப்பையே செரிக்கத் தொடங்குகின்றது. மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பரவும் கொடுவலி அதன் அறிகுறி. இது பன்முறை நேரின் கணையம் தழும்பேறிச் சுருங்கும்; உண்டது உடலிற் சேராது; நீரிழிவும் தொடரும். ஈரல் ஓரளவு மீள வளர வல்லது. தழும்பேறிய கணையமோ பழைய நிலையை எய்தாது. புகைபிடித்தலும் கூடின் கேடு விரையும்.

பித்தப்பைக் கல்லாலும் இந்நோய் வருமாதலின், நோயாளர் அனைவரையும் குடியரென ஐயுறுதல் தகாது. குடியால் நோயுற்றாரையும் இகழ்ந்து பயனில்லை. முதல் வலியோடு குடியை அறவே விடுவார்க்கு நோய் மீளுதல் பெரிதும் குறையும் என்பதை அன்புடன் எடுத்துரைத்தலே நம் கடன்.

விருந்தில் ஒரு கிண்ணந்தானே என்று தொடங்க எண்ணும் மாணவ நண்பர்களே! வலி தோன்றும்வரை கணையம் முறையிடுவதில்லை. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமையாகும்.