ஆஸ்பத்திரிக்கு மெஷின் கொடுக்கும் முன் ஒரு சின்னப் போத்தலைப் பற்றி யோசிப்போம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரி லெப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்திருப்பது பலருக்குத் தெரியும். அல்லாஹ் அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்யட்டும். போன கூட்டத்தில், சிறுநீர் பரிசோதிக்கும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். நானும் கை உயர்த்தினேன். இப்போது அந்தக் கையைக் கீழே இறக்குகிறேன். ஏன் என்று சொல்வது என் கடமை.

நான் டொக்டர் அல்ல. லெப்பில் வேலை செய்தவளும் அல்ல. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி எடுத்து, எட்டு வருடமாகத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் ஒரு டீச்சர். கூட்டம் முடிந்த பிறகுதான் லெப் வேலை தெரிந்த இரண்டு பேரிடம் விசாரித்தேன், வாசித்தேன். கை உயர்த்துவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

என்னை யோசிக்க வைத்தது என் வகுப்பு இடாப்புத்தான். போன வருடம் தரம் 8 பிள்ளை ஒருத்திக்கு இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லை என்ற அடையாளம். லயத்துக்குப் போய் விசாரித்தேன். அம்மா கொழுந்து எடுப்பவர், ஆறு மாதக் கர்ப்பிணி. நீர்க்கடுப்பில் தொடங்கி, குளிர் காய்ச்சலாகி, முதுகு வலியாகிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீர் ரிப்போர்ட் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. வேறு மாத்திரை. அதிலும் குறையவில்லை. கடைசியில் "கல்ச்சர் செய்ய வேண்டும், பதுளைக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். விடியற்காலையில் லயத்தில் ஒரு பழைய பாணி மருந்துப் போத்தலைக் கழுவி, அதில் சிறுநீரை எடுத்து, சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு கணவர் பஸ் ஏறினார். மூன்று நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்: பல கிருமிகள் கலந்திருக்கின்றன, மாதிரியை மறுபடி எடுத்து அனுப்பவும்.

மறுபடி அனுப்ப நேரம் இருக்கவில்லை. அந்த அம்மாவை வார்ட்டில் சேர்த்தார்கள். பிள்ளை மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். குறைமாதத்துக்கு அந்தத் தொற்றுத்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த உடம்புக்குள் எந்தக் கிருமி இருக்கிறது, அதை எந்த மருந்து கொல்லும் என்று இரண்டு கிழமையாக யாருக்கும் தெரியாது. வீட்டில் தம்பியைப் பார்க்க மூத்த பிள்ளை நின்றுவிட்டாள். இடாப்பில் விழுந்த அடையாளத்தின் கதை இது.

இப்போது மெஷினுக்கு வருவோம்.

"யூரின் ஃபுல் ரிப்போர்ட்" என்று நாம் சொல்வது, சிறுநீரில் ஒரு பட்டியைத் தோய்த்து நிறம் பார்ப்பதும், நுணுக்குக்காட்டியில் சீழ்க்கலங்களைப் பார்ப்பதும். இது நம் ஆஸ்பத்திரியில் இன்றும் கையால் நடக்கிறது. நாம் வாங்க நினைத்த மெஷின் அந்தப் பட்டியைத்தான் வாசிக்கும், கொஞ்சம் வேகமாக. தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சொல்லும். கிருமியின் பெயரைச் சொல்லாது, மருந்தையும் சொல்லாது. அந்த அம்மாவுக்கு அன்று அந்த மெஷின் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அது மட்டுமல்ல, அதற்கான பட்டிகளைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. பட்டி தீர்ந்த மெஷின் துணி போர்த்திய பெட்டிதான்.

தேவைப்பட்டது கல்ச்சர். அதன் வேலைமுறை ஒன்றும் மந்திரம் இல்லை. ஒரு மைக்ரோலீற்றர், அதாவது ஒரு மில்லிலீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அள்ளும் சின்ன வளையம் ஒன்றை சிறுநீரில் தொட்டு, அகார் ஊற்றிய தட்டில் தேய்ப்பார்கள். இன்கியூபேட்டரில் 35 முதல் 37 பாகை செல்சியஸ் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை என்று வரும். நூறு புள்ளி என்றால் ஒரு இலட்சம். ஒரு இலட்சத்துக்கு மேல் ஒரே வகைக் கிருமி இருந்தால் அது பெரும்பாலும் உண்மையான தொற்று. இந்த அளவை 1950களில் பொஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற வைத்தியர் நிலைநிறுத்தினார். பிறகு அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு வட்டுகளை வைத்தால், எந்த மருந்தைச் சுற்றி அது வளரவில்லை என்று இன்னொரு நாளில் தெரிந்துவிடும்.

இனி நம் சேர்ட் பைப் போத்தலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். அடுக்குகள் பாடத்தில் இதைக் கரும்பலகையிலும் போட்டேன். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈகோலைக் கிருமி, உகந்த சூட்டில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். மணிக்கு மூன்று தடவை. மூன்று மணி நேரத்தில் ஒன்பது தடவை. இரண்டின் ஒன்பதாம் அடுக்கு 512. எடுக்கும்போது தோலிலிருந்து தவறி விழுந்தவை ஒரு மில்லிலீற்றருக்கு 200 கிருமிகள் என்றால், மூன்று மணி நேரத்தில் 1,02,400. தொற்றே இல்லாத ஆளின் சிறுநீர் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது! நம் மலைக் குளிரில் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் உடம்புச் சூட்டோடு ஒட்டிய பையில், கூட்டம் நிறைந்த பஸ்ஸில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அதனால்தான் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும், முடியாவிட்டால் 4 பாகை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி வைத்தால் 24 மணி நேரம் தாங்கும்.

ஆகவே அந்த ரிப்போர்ட் கெட்டது பதுளை லெப்பில் அல்ல. லயத்துக்கும் லெப்புக்கும் இடையிலுள்ள வளைவுகளில்.

கூட்டத்துக்குப் பிறகு இதைச் சொன்னபோது ஒரு ஹாஜியார் கேட்டார்: "அப்படியென்றால் கல்ச்சர் லெப்பையே இங்கே போட்டுவிடலாமே, மகள்?" நல்ல கேள்வி. எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் விசாரித்தபோது புரிந்தது வேறு. இன்கியூபேட்டர் வாங்குவது இலேசு. அகார் தட்டுகள் கெடாமல் இருக்க வேண்டும். வளர்த்த கிருமியைக் கொன்று அப்புறப்படுத்த ஓட்டோகிளேவ் வேண்டும். கரண்ட் போனால் சூடு போகும், சூடு போனால் கணக்கும் போகும். 2022 மார்ச்சில் 13 மணி நேரம் இருட்டில் இருந்தவர்கள் நாம். மருந்து வட்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று, குணம் தெரிந்த கிருமியை வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சி பெற்ற எம்.எல்.டி. ஒருவர் வேண்டும், மேலே ஒரு நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரின் கண் வேண்டும். நாளுக்கு இரண்டு மாதிரி வரும் இடத்தில் கை பழக்கம் விட்டுப்போகும். பிழையான கல்ச்சர் ரிப்போர்ட், ரிப்போர்ட் இல்லாததை விட ஆபத்தானது. டொக்டர் அதை நம்பி மருந்தை மாற்றுவார்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? இல்லை.

நம் மண்ணில் இது புதிய வேலை அல்ல. 1916இல் ரொக்கஃபெல்லர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கையில் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களின் மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். தொழிலாளிக்கு இரத்தம் குறைந்தால் தேயிலை குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. எந்தக் கணக்கோ, நுணுக்குக்காட்டி மலைக்கு ஏறியது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்த வெற்றியில், கிராமத்து ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரரின் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மெஷின் வெல்லவில்லை. ஆளும் நுணுக்குக்காட்டியும் தவறாத பழக்கமும் வென்றன.

இந்தியாவில் சத்தீஸ்கர் மாநிலத்தில், பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற ஊர். அங்கே டில்லியில் படித்த சில வைத்தியர்கள் ஜன் ஸ்வாஸ்திய சகயோக் என்ற அமைப்பை வைத்து ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். பெரிய நகரத்து லெப்பை அப்படியே தூக்கி வைக்காமல், கிராமத்தில் குறைந்த செலவில் செய்யக்கூடிய பரிசோதனைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். இங்கே எதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

என் யோசனை இது. ஆஸ்பத்திரிப் பொறுப்பு வைத்தியரும் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் அலுவலகமும் சரி என்றால் மட்டும்தான்.

ஒன்று. ஆஸ்பத்திரியில் மாதிரி எடுப்பதற்கென்று ஒரு கழிப்பறை. தாழ்ப்பாள் போடும் கதவு, தண்ணீர், கிருமி நீக்கிய மூடிப் போத்தல். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஓர் அறிவித்தல். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு மிஸி வாயால் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பாணி மருந்துப் போத்தல் வருவது அதோடு நிற்க வேண்டும்.

இரண்டு. மாதிரிக்கு மட்டும் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு குளிர்ப்பெட்டி. போரிக் அமிலம் போட்ட போத்தல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. கோடு வரை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு நாள் கிருமி பெருகாமல் இருக்கும். ஒவ்வொரு போத்தலிலும் எடுத்த நேரம் எழுதியிருக்க வேண்டும்.

மூன்று. குறித்த நாட்களில் மாதிரிகளைச் சேர்த்து பதுளை லெப்புக்குக் கொண்டு போகும் வண்டி ஒழுங்கு. ரிப்போர்ட் முடிந்த அன்றே தொலைபேசியில் திரும்பி வரும் ஒழுங்கு. கொழுந்து எடுக்கும் ஒருவர் ரிப்போர்ட்டுக்காக ஒரு பேரை இழந்து பஸ் ஏறக்கூடாது.

நான்கு. கர்ப்பிணித் தாய்மாருக்கு, இங்கேயே கிராம் சாயப் பரிசோதனை. சிறுநீரைக் கண்ணாடியில் பூசி, சாயமிட்டு, இருக்கிற நுணுக்குக்காட்டியில் கிருமியைத் தேடுவது. 2016இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டலில், கல்ச்சர் வசதி இல்லாத இடத்தில் பட்டிப் பரிசோதனையை விட இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. காரணம், கர்ப்ப காலத்தில் சிலருக்கு எரிச்சலும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். விட்டுவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறலாம்.

ஐந்து. ஒரு வருடம் கொப்பியில் பதிவு. எத்தனை மாதிரி, எத்தனை கெட்டது, எந்தக் கிருமி, எந்த மருந்து வேலை செய்யவில்லை. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே கல்ச்சர் தொடங்க எம்.எல்.டி. தாருங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்போம். அப்போது நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

நீர்க்கடுப்பு என்று வரும் எல்லோருக்கும் கல்ச்சர் தேவையில்லை என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். கர்ப்பிணிகள், காய்ச்சலோடு வரும் சிறு பிள்ளைகள், திரும்பத் திரும்ப வருபவர்கள், மருந்துக்குக் குறையாதவர்கள். இவர்களுக்குத்தான் முக்கியம். இவர்களுக்கு இருட்டில் மருந்து மாற்றிக்கொண்டே போனால், கிருமிதான் மருந்தைப் பழகிக்கொள்கிறது. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில், மிச்சம் வைத்த கெப்சூலை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் பழக்கமும் அதில் சேரும். நானும் கொடுத்திருக்கிறேன். இனி இல்லை.

இன்னொரு விஷயம். கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லாததால் வேலை முடியும் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று அம்மாமார் என்னிடம் சொல்கிறார்கள். என் வகுப்புப் பெண் பிள்ளைகளும் பாடசாலைக் கழிப்பறைக்குப் பயந்து போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். எவ்வளவு நல்ல லெப் வந்தாலும் இது மாறாவிட்டால் போத்தல்கள் வந்துகொண்டே இருக்கும். மலையில் கழிப்பறை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பாடசாலையில் அது எங்கள் பொறுப்பு. என் பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மெஷின் என்றால் கல்வெட்டு வைக்கலாம், படம் பிடிக்கலாம். ஃபிரிட்ஜுக்கும் தாழ்ப்பாளுக்கும் யார் கல்வெட்டு வைப்பார்கள்? ஆனால் ஸதகதுல் ஜாரியா என்பது தொடர்ந்து ஓடும் நன்மை. ஓடாத மெஷினில் அது ஓடாது.

நான் பிழையாக விளங்கியிருந்தால், லெப் வேலை தெரிந்தவர்கள் கீழே எழுதித் திருத்துங்கள். வெளிநாட்டுத் தம்பிமாரே, கோபிக்க வேண்டாம். உங்கள் காசு வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

கடைசியாக ஒன்று. போன கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். அதில் பெண்கள் மூன்று பேர். கொழுந்து எடுக்கும் ஒருவர்கூட இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தோட்டத்திலிருந்து இரண்டு அம்மாமாரையாவது கூட்டி வாருங்கள். அவர்கள் பேசட்டும், அதன் பிறகு கை உயர்த்துவோம்.