ஒப்புக்குச் சப்பாணி சம்மர் கேம்ப்

ஏப்ரல் பொறந்தா போதும், திருச்சியில ஒரு சுவர் பாக்கி இருக்காது. சத்திரத்துலேர்ந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரைக்கும் தட்டி, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ். 'நாளைய நட்சத்திரங்களை உருவாக்கும் கோடைக்கால கிரிக்கெட் பயிற்சி முகாம்.' ஓரத்துல கண்டிப்பா தோனி படம். 2025 நவம்பர்ல நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பையை ஜெயிச்சதிலேர்ந்து பக்கத்துல ஸ்மிருதி மந்தனாவும். நல்ல விஷயம்தான், குறை சொல்லலை.

நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. இந்த முகாம்ல காசு கட்டிச் சேர்ற ஒரு சாதாரணப் புள்ள, ஒரு நாளைக்கு எத்தனை பந்து ஆடும்?

சிரிக்காதீங்க மக்களே. நான் எண்ணிப் பார்த்தவன். இல்லை, எண்ணினது அண்ணன் பொண்ணு. பதினோரு வயசு. போன வருஷம் ஒரு தனியார் முகாம்ல சேர்த்து விட்டோம் (பேர் வேண்டாம், எல்லாமே ஒரே லட்சணம்தான்). அவ கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல தினமும் கோடு போட்டு வெச்சிருக்கா. "சித்தப்பா, நேத்து நாலு, இன்னிக்கு மூணு" என்பாள். இருபது நாள். மொத்தம் அறுபத்தொரு பந்து. சராசரி மூணு!

இது எப்படி சாத்தியம்னு கேக்கறீங்களா? நாப்பத்திரண்டு புள்ளைங்க, ரெண்டு நெட், ஒரு கோச். காலையில ரெண்டு மணி நேரம். அதுல அரை மணி மைதானத்தைச் சுத்தி ஓட்டம், அரை மணி வரிசையா நிக்க வெச்சு கேட்ச். மிச்சம் ஒரு மணி நேரத்துல ரெண்டு நெட்டையும் பங்கு போட்டாக்கூட ஆளுக்கு மூணு நிமிஷம் வராது. அந்த மூணு நிமிஷமும் வர்றதில்லை, ஏன்னா 'செலக்ஷன் பசங்க'ன்னு ஏழெட்டு பேர் இருப்பாங்க. அவங்களுக்கு ஆளுக்கு கால் மணி நேரம். பாக்கி முப்பத்தஞ்சு பேரும் நெட்டுக்குப் பின்னாடி நின்னு பந்து பொறுக்கிப் போடணும். அதுக்குப் பேர் ஃபீல்டிங் பயிற்சியாம்.

கடைசி நாள் மேட்ச். பதினஞ்சு புள்ளைங்களுக்கு பேட்டிங்கே வரலை. இவளை ஃபைன் லெக்ல நிறுத்தினாங்க, பத்தாவது ஓவர்ல கூப்பிட்டு தண்ணி பாட்டில் தூக்கச் சொன்னாங்க. அப்புறம் மெடல், குரூப் போட்டோ, 'சிறப்பாகப் பங்கேற்றார்'னு சர்டிபிகேட். லேமினேட் பண்ணியே குடுத்தாங்க.

இதுக்கு நம்ம தெருக் கிரிக்கெட் எவ்வளவோ மேல்னு சொன்னா 'நாஸ்டால்ஜியா ஜல்லி'ன்னு சொல்வீங்க. சொல்லிக்கோங்க. அடையவளஞ்சான் வீதியில நாங்க ஆடினப்போ ஒரு விதி உண்டு. பேட் யாரோடதோ அவன் ஓப்பனிங். சரி, அது அநியாயம்தான் :-) ஆனா முதல் பந்து ட்ரையல், அவுட் கிடையாது. ஆள் ஒத்தப்படையில வந்தா ஒருத்தன் ரெண்டு பக்கமும் ஆடுவான். தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தா அது ஒப்புக்குச் சப்பாணி. அதுக்கு மெதுவா, கையைக் கீழே இறக்கிப் போடுவோம், நாலு பந்து கண்டிப்பா உண்டு. பத்து வயசுப் பசங்களுக்குத் தெரிஞ்ச நியாயம் இது. இப்ப அந்த வீதிகள்ல டூரிஸ்ட் வேனும் காரும் நிக்குது, பந்து உருட்ட இடமில்லை. கோடையில கொள்ளிடம் மணல் ஒண்ணுதான் மிச்சம். அங்கேயும் பொண்ணுங்களைத் தனியா யார் அனுப்பறா? அதனாலதான் முகாம். வேற வழியில்லாம வர்றவங்ககிட்டதான் இந்த வியாபாரம்.

சாஃப்ட்பால்னு ஒரு ஆட்டம் இருக்கு. (இலங்கை நண்பர்கள் அவசரப்பட வேண்டாம். நீங்க சாஃப்ட்பால்னு சொல்றது டென்னிஸ் பந்து கிரிக்கெட். நான் சொல்றது பேஸ்பாலோட தங்கச்சி.) 1887ல சிகாகோவுல நாலு சுவருக்குள்ள, கட்டி உருட்டின குத்துச்சண்டை கையுறையை வெச்சு ஆரம்பிச்ச ஆட்டம். அமெரிக்காவுல லிட்டில் லீக்னு ஒரு அமைப்பு, 1939ல வில்லியம்ஸ்போர்ட்டுங்கற ஊர்ல காரல் ஸ்டாட்ஸ்ங்கறவர் ஆரம்பிச்சது. பையன்களுக்கு மட்டும்தான். 1972ல ஹோபோகன் நகரத்துல மரியா பெப்பேன்னு ஒரு பொண்ணு மூணு மேட்ச் ஆடிட்டா. அவளை நிறுத்தலைன்னா ஊர் டீமோட அங்கீகாரத்தையே பிடுங்கிருவோம்னு மிரட்டினாங்க. வழக்கு நடந்து, 1974ல கதவு திறந்துச்சு. அதே வருஷம்தான் லிட்டில் லீக் சாஃப்ட்பாலும் பொண்ணுங்களுக்காக வந்துச்சு. பேஸ்பால் பக்கம் அவங்க வராம இருக்கப் போட்ட தடுப்புன்னுதான் எனக்குத் தோணுது. இருக்கட்டும்.

அந்த லீக்ல ஒரு விதி இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இவ்வளவு கதை. டீம்ல பேர் இருக்கற ஒவ்வொரு புள்ளையும் சீசன் மேட்ச்ல குறைஞ்சது ஒரு தடவை பேட் பிடிக்கணும், ஆறு அவுட் விழற வரைக்கும் களத்துல நிக்கணும். கோச் நினைச்சாலும் உக்கார வைக்க முடியாது. கோச் நல்லவரா கெட்டவரான்னு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, புத்தகத்துல இருக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவுலயும் காசு பறிக்கற டிராவல் டீம், கத்தற அப்பான்னு எல்லா அசிங்கமும் இருக்கு. ஆனாலும் இந்த ஒரு வரி இருக்கு. நம்ம ஊர் முகாம் எதுலயாவது இப்படி ஒரு வரி எழுதியிருக்கா? ஃபீஸ் திருப்பித் தரப்படமாட்டாதுங்கற வரி மட்டும் தடிமனான எழுத்துல இருக்கு.

நார்வேக்காரன் இன்னும் மேல. சின்னப் பசங்க விளையாட்டுக்கு 1987லயே விதி போட்டான், 2007ல அதைக் குழந்தைகளோட உரிமைன்னே எழுதி வெச்சான். பதிமூணு வயசுக்கு முன்னாடி தேசிய சாம்பியன்ஷிப்பே கிடையாது. அவன் குளிர்கால ஒலிம்பிக்ல அள்ளிட்டுப் போற மெடலைப் பார்த்தா, இதனால அங்க திறமை செத்துப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப ஒரு கோஷ்டி வரும். "எல்லாருக்கும் சமமா குடுத்துட்டு இருந்தா திறமையை எப்படி சார் வளர்க்கறது? ஒலிம்பிக் மெடல் எப்படி வரும்?" அய்யா, டோக்கியோவுல 2021 ஜூலையில கலப்பு 4x400 ரிலே ஓடின நாலு பேர்ல சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் நம்ம திருச்சி மாவட்டம். எனக்கும் பெருமைதான். திறமையை வளர்க்க தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992லேர்ந்து இருக்கு, விளையாட்டு விடுதிகள் இருக்கு. தேர்வுன்னு சொல்லியே தேர்வு நடத்துங்க, யார் வேண்டாம்னா? "எல்லாரும் வாங்க"ன்னு போர்டு போட்டு நாப்பத்திரண்டு பேர்கிட்ட காசு வாங்கி, எட்டுப் பேருக்கு மட்டும் சொல்லிக் குடுக்கறதுதான் மோசடி. அந்த எட்டுப் பேரோட பயிற்சிக்கு மத்த முப்பத்தி நாலு வீடு மொய் எழுதுது.

பெத்தவங்களும் சும்மா இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு பொறியியல் கவுன்சிலிங்ல விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இருக்கற ஐந்நூறு சீட்டைப் பத்திதான் பேச்சு. பத்து வயசுப் பையன் கவர் டிரைவ் ஆடறான், அப்பாவுக்குக் கண்ணுல சீட் தெரியுது.

கோச்சைத் திட்டி முடிச்சுக்கலாம்னா அதுவும் எனக்கு மனசு வரலை. இந்த முகாம்கள்ல நிக்கற பல பேர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள். 2012ல அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல்னு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. அப்போ மாசம் 5,000 ரூபாய். மே மாசம் அதுவும் கிடையாதுன்னு வருஷக்கணக்கா போராடினாங்க. சம்பளம் இல்லாத மாசத்துல மனுஷன் முகாம் நடத்தாம என்ன செய்வார்? நாப்பது பேரைச் சேர்த்தாதான் கட்டுப்படியாகும்.

அதனால கோச்சை மாத்தறதை விட ஆட்டத்தை மாத்தலாம். பன்னிரண்டு வயசு வரைக்கும் டென்னிஸ் பந்து போதும். பேடு வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், நெட்டே வேண்டாம். நாப்பது பேரை அஞ்சு மூலையில எட்டு எட்டா பிரிச்சு விட்டா எல்லாருக்கும் பேட் வரும். இங்கிலாந்துல சின்னப் பசங்களுக்கு ஜோடி ஜோடியா பேட்டிங் விடுவாங்க. ஜோடிக்கு இத்தனை ஓவர்னு கணக்கு. அவுட்டானா வெளியே போக வேண்டாம், ரன் கழியும், அவ்வளவுதான். பந்தும் எல்லாரும் போடணும். இதுக்கு என்ன பெரிய செலவு?

இடம்? கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு மைதானம் கட்டாயம்னு சொல்லுது. ஸ்ரீரங்கத்துலயும் திருச்சியிலயும் எத்தனையோ பள்ளி மைதானம் மே மாசம் பூட்டிக் கிடக்கு, உள்ள ஆடு மேயுது. காலையில ரெண்டு மணி நேரம் திறந்து விட்டு, அந்த ஊர் உடற்கல்வி ஆசிரியருக்கே மே மாசச் சம்பளமா கொடுத்தா, ஸ்ரீரங்கத்துப் புள்ள விடியக்காலையில காவிரிப் பாலம், சத்திரம், ஜங்ஷன் எல்லாம் தாண்டி அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஓட வேண்டியதில்லை.

இந்த வருஷம் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் ஓரமா நில்லுங்க. எத்தனை புள்ள, எத்தனை நெட், உங்க புள்ள மாதிரி ஒண்ணுக்கு எத்தனை பந்து வருதுன்னு எண்ணுங்க. எண்ணினதைப் பின்னூட்டத்துல ஊர் பேரோட போடுங்க, முகாம் பேர் வேண்டாம். மதுரை, கோவை, யாழ்ப்பாணம், எங்கேர்ந்தாலும் சரி.

டிஸ்கி: அண்ணன் பொண்ணு இந்த வருஷம் முகாமுக்கு வரமாட்டேன்னுட்டா. அண்ணன் "செஸ்ல போடலாமா"ங்கறார். அங்க ஆளுக்கு ஒரு போர்டாவது கிடைக்குமான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.