அசையாத பாம்பு சாதுவா?

நண்பர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பால் பைத்தான். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு. மூன்றரை அடிப் பாம்புக்கு ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி. ஒளிய இடமில்லை. அறையில் சதா ஏ.சி. உரியாத தோல் கண்ணில் ஒட்டிக் கிடக்கிறது.

‘ரொம்ப சாது சார், அசையவே அசையாது’ என்றார் பெருமையாக. சாது இல்லை சார், குளிர்! பாம்பு சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றதுகூடச் செரிக்காது.

‘அவர் பாம்பு, அவர் பாடு. உனக்கென்னய்யா?’ என்கிறீர்களா? பக்கத்து வீட்டு நாய் பட்டினியில் ஊளையிட்டால் சும்மா இருப்பீர்களா? பாம்புக்கு ஊளையிடத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்துவிட்டாராம். நல்லது. பதிவு எண் சூடு தருமா?

தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரிச் சூடு, மறுபக்கம் கொஞ்சம் குளுமை, பதுங்க இரண்டு பொந்து, பாம்பு தெரிந்த கால்நடை டாக்டர். இவ்வளவும் முடியாதென்றால் ஏன் சார் வாங்கணும்? ஒழுங்காக வளர்த்தால் 20 வருஷத்துக்கு மேல் வாழும் ஜீவன் அது.

சொன்னேன். முகம் சுளித்தார். பரவாயில்லை, அடுத்த வாரமும் போவேன். நீங்களும் யார் வீட்டிலாவது பார்த்தால், காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடாதீர்கள்.