பழைய வண்டியும் பெருகும் குடும்பமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள் பழைய மோட்டார் வண்டி வாங்கிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தப் பழமொழிக்கு மூன்றாவது அடி ஒன்றும் அவசியம் சேர்ந்திருக்கும்.

நம் நண்பர் ஒருவர் குரோம்பேட்டையில் வசிக்கிறார். சென்ற தை மாதம் வரையில் அவர் வீட்டில் நான்கு பேர்: அவர், மனைவியார், எட்டு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். பிறகு கும்பகோணத்திலிருந்து அவருடைய தாயாரும் தகப்பனாரும் வந்து சேர்ந்தார்கள். குடும்பம் ஆறாயிற்று, வாகனம் மட்டும் பழைய ஸ்கூட்டர் ஒன்றேதான்.

அந்த ஸ்கூட்டர் செய்த கைங்கரியத்தைச் சொல்லி முடியாது. பையன் முன்னால் நிற்பான், பெண் நடுவில் நசுங்கிக்கொண்டு உட்காருவாள், தாயார் பின்னால். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுகிறவரைத் தவிர ஒருவருக்கு மேல் இரு சக்கர வண்டியில் ஏறக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தமோ, நான்கு வயதைக் கடந்த எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. இதெல்லாம் நண்பருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை ஸ்கூட்டர் சறுக்கி நால்வரும் கீழே விழுந்தார்கள். தெய்வாதீனமாகப் பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. பெண்ணுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றிரவு நண்பரின் மனைவியார், "இனிமேல் குழந்தைகள் இருவரும் சேர்ந்தாற்போல் இந்த ஸ்கூட்டரில் ஏறப் போவதில்லை" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல் முறையீட்டுக்கு இடமில்லை.

மறுநாள் நண்பர் நம்மைத் தேடி வந்தார். சீட்டுப் பணமும் சேமிப்புமாக அவரிடம் ஐந்து லட்ச ரூபாய் இருந்தது. வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் புதிய கடன் வேண்டாம் என்று நினைத்தார். பழைய வண்டி, ஏழு பேர் உட்காரும் வண்டி; எதை வாங்குவது?

நமக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். முன்னொரு காலத்தில் வர்ணத்தின் பளபளப்பை மட்டும் பார்த்து ஒரு வண்டியை வாங்கி, ஆறு மாதத்தில் அதன் விலையில் பாதியைத் தொழிற்சாலைக்காரருக்குக் கப்பம் கட்டிய அநுபவம் நமக்கு உண்டு. புத்தி சொல்வதற்கு இதைவிட வேறு என்ன யோக்கியதை வேண்டும்?

முதலில் நண்பரை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும் எடுத்துக் கொள்ளச் சொன்னோம். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது நம் கட்சி. தினந்தோறும் யார் எங்கே போகிறார்கள்? பள்ளிக்கூடம் போக வர எட்டு கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு தடவை தாயாரை முழங்கால் வைத்தியத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேருமாகக் கோயிலோ, உறவினர் வீடோ. வருஷத்தில் இரண்டு முறை கும்பகோணம். கூட்டிப் பார்த்ததில் மாதம் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் வந்தது. லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும் வைத்துக் கொண்டால், மாதம் சுமார் 4,300 ரூபாய் பெட்ரோலுக்கு ஆகும்.

அடுத்தபடியாக ஒரு நிபந்தனை விதித்தோம். "உம்மிடம் இருப்பது ஐந்து லட்சம் அல்ல, நான்கு லட்சந்தான். ஐந்தில் ஒரு பங்கு வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அதற்கே வேண்டியிருக்கும். அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்யும்" என்றோம். நண்பர் அரை மனதுடன் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியம் மூன்றே நாளில் ஆட்டங் கண்டது. ஒரு தரகர் பெரிய டீஸல் வண்டி ஒன்றைக் காட்டினார். 2013-இல் டில்லியில் பதிவான இன்னோவா. விலை ஐந்து லட்சம். உள்ளே கல்யாண மண்டபம் போல் விசாலம். நண்பருடைய கண்கள் அகல விரிந்தன. டில்லியிலிருந்து இவ்வளவு மலிவாக ஏன் வருகிறது என்று விசாரித்தால் விஷயம் விளங்கும். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகளைத் தலைநகர்ப் பிரதேசத்தில் ஓட்டக் கூடாதென்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும், அதை ஒட்டி 2018-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. ஆகவே அங்கே வயதான வண்டிகள் பல, மற்ற ராஜ்யங்களில் புது எஜமானர்களைத் தேடிப் புறப்பட்டன. அப்படி வரும் வண்டிக்கு அவ்விடத்து அதிகாரிகளின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தரகர் சொன்ன விலையில் இவை ஒன்றும் அடங்கவில்லை.

அதோடு, டீஸல் வண்டி நிறைய ஓடுகிறவர்களுக்கு ஏற்றது. மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓடுகிறவர் எரிபொருளில் மிச்சம் பிடிக்கும் பணத்தை, டர்போவோ இன்ஜெக்டரோ பழுதானால் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க நேரிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீஸல் வண்டிகளிலோ புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இடையிடையே நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமே போய் வரும் வண்டியில் அது அடைத்துக் கொள்ளும்.

இவ்வளவு நியாயங்களையும் நாம் எடுத்துச் சொல்லியும் நண்பரின் மனம் மாறவில்லை. மாற்றியவர் அவருடைய தாயார்தான். அவர் வண்டியின் அருகே வந்து, படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார், முடியவில்லை. மற்றொரு காலை வைத்துப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. "நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. வண்டி பார்க்கப் போகும்போது குடும்பத்தில் வயதானவரைக் கட்டாயம் உடன் அழைத்துப் போக வேண்டும் என்பதை அன்று நாமும் கற்றுக் கொண்டோம்.

இரண்டாவது வண்டியைப் பார்க்கப் போகையில் நமக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். இவர் அதிகம் பேசமாட்டார். 2015 ஆரம்பத்தில் பதிவான எர்டிகா, வெள்ளை நிறம், மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டிற்று. உள்ளே அத்தர்க் கடை போல் கமகமவென்று வாசனை. மேஸ்திரி அந்த வாசனையை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தார். பிரேக் பெடலின் ரப்பரைக் காட்டினார். தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மீட்டரைத் திருத்தலாம், பெடலைத் திருத்த யாருக்கும் தோன்றுவதில்லை. பிறகு முன் ஆசனத்து பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்த நுனிப் பாகத்தில் பழுப்பு நிறமாக ஒரு கோடு. ஆசனத்துக்கு அடியில் தண்டவாளத்தைப் பிணைத்த போல்ட்டுகளில் துரு. கம்பளத்தைத் தூக்கினார், மூலையில் நைஸான வண்டல் மண்.

"வெள்ளத்தில் நின்ற வண்டி, ஸார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2015 டிஸம்பர் வெள்ளத்தையும், 2023 டிஸம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டு வந்த வெள்ளத்தையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான வண்டிகள் முழுகின. அவற்றில் கழுவித் துடைத்து, மெருகேற்றி, மீண்டும் விலைக்கு வந்தவை உண்டு. இத்தகைய வண்டி வாங்கிய அன்று நன்றாகவே ஓடும். மின்சாரக் கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரமோ உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஜன்னல் இறங்காது; மற்றொரு நாள் விளக்கு எரியாது; விபத்து நேரும்போது ஏர்பேக் விரியாமலும் போகலாம். குழந்தைகளின் பத்திரத்துக்காக வண்டி தேடுகிறவர் இதை வாங்குவாரானால் ஸ்கூட்டரே மேல் என்று சொல்ல வேண்டியதுதான்.

மூன்றாவது வண்டி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடையது. ரெனால்ட் டிரைபர், 2019 கடைசியில் பதிவானது, ஏழு ஆசனம், நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குரோம்பேட்டைக்கு அதிகத் தொலைவில்லாத ஒரகடத்தில் செய்யப்பட்டது. கதவில் இரண்டு கீறல்கள். பின்புறம் ஒரு சொட்டை. அந்த அம்மாள் கீறல்களை மறைக்கவில்லை. எந்தத் தூணில் எப்போது இடித்தது என்றே சொன்னார். சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வரிசையாக இருந்தன.

நாம் வருமுன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று மேஸ்திரி முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தார். சூடேறிய இஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பிப் பின்னால் நின்று புகையைப் பார்த்தார். நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பானால் எரிபொருள் மிகுதி. இங்கே ஒன்றும் இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்தார். பால் விட்ட காபி போன்ற கசண்டு இல்லை. கண்ணாடிகளில் பொறித்த வருஷக் குறிகள் ஒத்திருந்தன; ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சக்கரத்தின் பக்கவாட்டில் "3319" என்ற எண் இருந்தது. 2019-ஆம் வருஷத்தின் 33-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம். "நாலும் மாற்ற வேண்டும்" என்றார் மேஸ்திரி.

பிறகு ஆறு பேரும் ஏறி, ஏர்கண்டிஷனை ஓட விட்டு, ஒரு மேம்பாலத்தின் மேல் போய் வந்தோம். ஒரு லிட்டர் இஞ்சின் ஆகையால் ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் செய்தது. மூன்றாம் வரிசையை விரித்துவிட்டால் பெட்டி வைக்க இடம் சொற்பமே. இந்தக் குறைகளை நண்பரின் மனைவியார் கவனித்துக் கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: "பிரேக் எப்படி? ஏர்பேக் இருக்கிறதா?" இவ்விஷயத்தில் வண்டி பிறந்த தேதியே பாதிப் பதில் சொல்லும். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வருஷம் ஜூலை முதல் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கும் கட்டாயமாயின. இந்த வண்டியில் முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக் இருந்தது.

ஆசிரியை கேட்ட விலை 4,40,000. நண்பர் அங்கேயே பணத்தை எடுக்கப் பார்த்தார். நாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு விஷயங்களைச் சொன்னோம். முதலாவது, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டிகளின் விலை இறங்கிற்று. பழைய வண்டியின் விலையும் அதை அநுசரித்துத்தான் இருக்க வேண்டும். இதையும் டயர்களையும் எடுத்துச் சொன்னதில், விலை 4,05,000-க்கு வந்தது. இரண்டாவது, ஆர்.ஸி.யில் பாங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. பெயரை நீக்க அந்த அம்மாள் மறந்துவிட்டார். பாங்கியின் சான்றும் 35-ஆம் நமூனாவும் கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணமும் தருவதென்று பேசிக் கொண்டோம். அதற்குச் சில நாள் ஆயிற்று, நஷ்டம் ஒன்றுமில்லை.

பெயர் மாற்ற 29, 30-ஆம் நமூனாக்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விற்கிறவர்கள் இதில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை அவர்கள் நினைவில் கொள்வது நலம். இன்ஷ்யூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றிக் கொள்ள வேண்டும். பழைய அபராதங்கள் பாக்கி இருக்கின்றனவா என்பதைப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

வண்டி வீட்டுக்கு வந்தது. நான்கு டயர், பாட்டரி, எண்ணெய், இன்ஷ்யூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாவற்றுக்குமாக முதல் மாதத்திலேயே அறுபதினாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நண்பர் கணக்கைக் காட்டியபோது அவர் முகத்தில் கவலை இல்லை. இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது அல்லவா? பெரிய வண்டியை வாங்கியிருந்தால் இந்தப் பணத்துக்கு யார் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார் என்று அவரே சொல்லிக் கொண்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருமாகத் திருநீர்மலைக்குப் புறப்பட்டார்கள். பின் வரிசையில் குழந்தைகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சண்டை போட்டுக் கொண்டிருந்தனர். தாயார் கதவைப் பிடித்துக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் நடு ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "படி தாழ்வாய் இருக்கிறது, சௌகரியந்தான்" என்றார்.

கதவில் இருந்த கீறல்களை நண்பர் இன்னும் சரி செய்யவில்லை.