தோற்ற ஆட்டத்தை நோட்டில் எழுதுங்கள்!



"செஸ் ஆடத் தெரியுமா?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் இப்போது பல கைகள் உயர்கின்றன. நான் இடைநிலை ஆசிரியராக வேலையில் சேர்ந்த காலத்தில் ஒரு கை உயர்ந்தாலே அதிசயம். 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதையொட்டி அரசுப் பள்ளிகளிலும் செஸ் போட்டிகள் வைத்தார்கள். வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற குதிரை 'தம்பி'யை உங்கள் அண்ணன், அக்காக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், இன்னொரு கேள்வி இருக்கிறது. "கடைசியாக நீ தோற்ற ஆட்டத்தில் எந்த இடத்தில் கோட்டை விட்டாய்?" என்று கேட்டால், உயர்ந்த கைகள் எல்லாம் இறங்கிவிடுகின்றன. "ஞாபகம் இல்ல சார், உடனே அடுத்த ஆட்டம் ஆடிட்டோம்" என்பதுதான் பதில்.

செஸ்ஸில் முன்னேற நிறைய ஆட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். என் கருத்து வேறு. ஒரு நாளைக்குப் பத்து ஆட்டம் ஆடி மறந்துவிடுகிறவரை விட, வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடி, அதை நோட்டில் எழுதி, எங்கே தவறு என்று தேடுகிறவரே முன்னுக்கு வருவார்.

மலையில் இருந்தால் முடியாதா?

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள். டவுனில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவின் செல்போன் கிடைக்கிறது. அதில் மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம் என்று விரல் வலிக்கும் வரை ஆடுகிறார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். "எங்களுக்குக் கோச் இல்லை, போன் இல்லை. நாங்கள் எப்படிச் சார் முன்னேறுவது?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் செஸ் பயிற்சியில் மிக முக்கியமான பகுதிக்கு இவை இரண்டுமே வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு செஸ் போர்டு போதும். போர்டு இல்லையா? அட்டையில் 64 கட்டம் போடுங்கள். பாட்டில் மூடிகளில் காய்களின் பெயரை எழுதி வையுங்கள். ஆட்டம் குறையாது!

எப்படி எழுதுவது?

பெரிய போட்டிகளில் இரண்டு வீரர்களும் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியே ஆக வேண்டும். அது விதி. நீங்களும் எழுதலாம். வெள்ளைக்காரர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எப், ஜி, எச் என்று பெயர். உங்கள் பக்கத்திலிருந்து மேலே போகப் போக 1 முதல் 8 வரை எண். காயின் பெயரையும் அது போய் நிற்கும் கட்டத்தையும் எழுதினால் முடிந்தது.

புதிதாக ஆடுகிற பலரும் தோற்கிற ஓர் ஆட்டத்தைப் போர்டில் ஆடிப் பாருங்கள்.

வெள்ளை: சிப்பாய் இ4. கறுப்பு: சிப்பாய் இ5.
வெள்ளை: மந்திரி சி4. கறுப்பு: குதிரை சி6.
வெள்ளை: ராணி எச்5. கறுப்பு: குதிரை எப்6.
வெள்ளை: ராணி எப்7இல் சிப்பாயை வெட்டுகிறது. செக்மேட்!

கறுப்பு ஆடிய மாணவர், "சே, நாலே நகர்வில் தோற்றேன்" என்று காய்களைக் கலைத்துவிட்டால் ஒன்றும் கற்கவில்லை. நோட்டை எடுத்து மூன்று கேள்விகளை எழுத வேண்டும்.

ஒன்று: எதிராளி அந்தக் காயை ஏன் அங்கே வைத்தார்? எச்5இல் நிற்கும் ராணி இ5, எப்7 இரண்டையும் பார்க்கிறது. மந்திரியும் எப்7ஐயே பார்க்கிறது. எப்7க்குக் காவல் ராஜா மட்டும்தான்!

இரண்டு: அப்போது நான் என்ன நினைத்தேன்? 'குதிரையை வைத்து ராணியை விரட்டலாம்' என்று நினைத்தேன். என் யோசனையைப் பார்த்தேனே தவிர, அவருடைய யோசனையைப் பார்க்கவில்லை.

மூன்று: வேறு என்ன ஆடியிருக்கலாம்? சிப்பாயை ஜி6க்கு நகர்த்தியிருந்தால் ராணியின் வழி அடைபட்டிருக்கும். ராணி எப்3க்குப் பின்வாங்கி மறுபடியும் எப்7ஐக் குறிவைத்தால், இப்போது குதிரையை எப்6இல் வைத்து மறிக்கலாம்.

பார்த்தீர்களா? அதே குதிரை, அதே கட்டம். ஒரு நகர்வு முந்தி வைத்தால் தோல்வி. ஜி6 ஆடிய பிறகு வைத்தால் காவல். இந்த உண்மையை நீங்களே தேடிக் கண்டுபிடித்தால், பிறகு எத்தனை வருடமானாலும் மறக்காது.

சாம்பியன்கள் என்ன செய்தார்கள்?

மிகயில் போட்வினிக் என்பவர் ரஷ்ய நாட்டு மின் பொறியாளர். 1948இல் உலக சாம்பியன் ஆனவர். தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அதை அச்சிலும் வெளியிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏன் தெரியுமா? அச்சில் வந்தால், தவறு இருந்தால் மற்றவர்கள் சொல்வார்கள் அல்லவா! அவருடைய செஸ் பள்ளியில் படித்த கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் பின்னாளில் உலக சாம்பியன்கள் ஆனார்கள்.

நம் விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தன் அம்மாவிடம் செஸ் கற்றவர். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் சில காலம் இருந்தது. அங்கே டி.வி.யில் செஸ் நிகழ்ச்சியும் புதிரும் வரும். அந்த நேரத்தில் ஆனந்த் பள்ளியில் இருப்பார். அம்மா புதிரை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை தேடி அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். பரிசுகள் குவிந்துகொண்டே போனதால், 'வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம்! அந்தச் சிறுவன்தான் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் வென்றார். அந்த வீட்டில் அன்று நடந்தது என்ன? அம்மா எழுதி வைத்தார், பிள்ளை யோசித்தான். அவ்வளவுதான்.

"அது அந்தக் காலம் சார். இப்போது போனே சரியான நகர்வைச் சொல்லிவிடுகிறதே?" என்று கேட்பீர்கள். சொல்கிறது, மறுக்கவில்லை. பெரிய வீரர்கள் எல்லோரும் இன்று கணினியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த நிலைக்கு அருகில் வரும் வரை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. முதலில் சொந்த மூளை, பிறகுதான் எஞ்சின். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. அதை முதலில் பார்த்தவருக்குக் கணக்கு வருமா?

சிறியதிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பக் கூடத்தில் தொழில் கற்க வருகிறவரிடம் முதல் நாளே சாமி முகத்தைச் செதுக்கச் சொல்வார்களா? செஸ்ஸிலும் அப்படித்தான். நிறையக் காய்கள் நிற்கும் ஆட்டத்தை விட, இரண்டு மூன்று காய்கள் மிஞ்சும் கடைசிக் கட்டத்தை முதலில் படியுங்கள். கியூபா நாட்டு உலக சாம்பியன் காபாபிளாங்கா, 1921இல் வெளிவந்த தன் பாடப் புத்தகத்தை யானையும் ராஜாவும் சேர்ந்து எதிரி ராஜாவுக்கு மேட் வைப்பதில்தான் தொடங்கினார்.

இதன் அருமை 2024இல் சிங்கப்பூரில் தெரிந்தது. குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும் உலக சாம்பியன் போட்டி. முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். 12ஆவது ஆட்டத்திலும் தோற்றார். ஆனாலும் மனம் உடையவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி நடந்த 14ஆவது ஆட்டத்தில், லிரென் தன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டார், மந்திரிகளையும் வெட்டிக்கொண்டார். மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான். லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்! ராஜா, சிப்பாய் ஆட்டம் சின்னப் பாடம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தினம் அரை மணி நேரம்

* திங்கள், புதன்: புதிர்கள். காயைத் தொடாமல் மனதிலேயே யோசித்து, விடையை எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும்.
* செவ்வாய், வியாழன்: கடைசிக் கட்டப் பயிற்சி. யானை மேட், ராணி மேட், ராஜாவும் ஒரு சிப்பாயும்.
* வெள்ளி: நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.
* சனி: நிதானமாக ஒரே ஓர் ஆட்டம். நகர்வுகளை எழுதிக்கொண்டே ஆடுங்கள்.
* ஞாயிறு: அந்த ஆட்டத்துக்கு மூன்று கேள்விகள். எழுதியதை நண்பரிடம் காட்டுங்கள்.

தேர்வு நேரத்தில் பத்து நிமிடமாகக் குறையுங்கள். ஆனால் அடியோடு விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

நோட்டு மட்டும் எல்லாவற்றையும் தந்துவிடாது. எழுதுவதற்கு முதலில் ஓர் ஆட்டம் வேண்டுமே! நான் பார்த்த சில பள்ளிகளில், போட்டிக்காக வாங்கிய செஸ் போர்டுகள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. 'காய் தொலைந்துவிடும்' என்று காரணம் சொல்கிறார்கள். காய் தொலைந்தால் பாட்டில் மூடி வைத்து ஆடலாம். பிள்ளையின் ஆர்வம் தொலைந்தால் எதை வைப்பது? போர்டுகளை வெளியே எடுங்கள். போட்டிகளை மாவட்டத் தலைநகரில் மட்டும் நடத்தாமல் வெள்ளிமலையிலும் நடத்துங்கள். கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வந்து, ஆடி முடித்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைக்கு, ஆட்டத்தை விட பஸ்தான் பெரிய கவலை.

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் குகேஷ் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோற்ற ஆட்டத்தை மறைக்கிற பிள்ளை, மதிப்பெண் குறைந்த விடைத்தாளையும் மறைக்கும். தோற்ற ஆட்டத்தை எழுதிப் பார்க்கிற பிள்ளை, விடைத்தாளையும் விரித்து வைத்து 'எங்கே தவறினேன்?' என்று தேடும். மலையில் படித்தாலும் டவுனில் படித்தாலும், அந்தப் பழக்கம் கடைசி வரை கூட வரும்.

இந்தச் சனிக்கிழமை ஆடப்போகும் ஆட்டத்தை எழுதுவீர்கள்தானே? ஜெயித்தால் சந்தோஷம். தோற்றால் நோட்டில் முதல் பக்கம் தயார்!

- ஓய்வு பெற்ற ஆசிரியர், கள்ளக்குறிச்சி