தாராவியில் உரிமைக்கும் ஒரு தேதி உண்டு

நாடாளுமன்றத்தில் தமிழர் நலன் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இலங்கை, கச்சத்தீவு, காவிரி ஆகிய மூன்று சொற்களும் தவறாமல் வந்துவிடுகின்றன. வரவும் வேண்டும். ஆனால், இந்திய எல்லைக்குள்ளேயே, மும்பை மாநகரின் நடுவே, பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் தலைக்கு மேல் இருக்கும் கூரையின் கதி என்ன என்ற கேள்வி மட்டும் இரு அவைகளிலும் அரிதாகவே ஒலிக்கிறது. கேட்டால், நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்ற பதில் தயாராக இருக்கிறது. பதில் சட்டப்படி சரியே. அதனால்தான் தாராவித் தமிழனின் மனித உரிமையை அளந்து கொடுக்கும் படி, தில்லியில் இல்லாமல் மகாராஷ்டிர அரசின் கையில் இருக்கிறது. அந்தப் படியின் பெயர் 'கட்-ஆஃப்' தேதி.

இந்தக் கதை 1981-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை 13-ம் தேதி, அன்றைய முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பம்பாயின் நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்படுவார்கள் என்பது அதன் சாரம். கொட்டும் மழைக்காலம். மழையில் இம்மக்கள் படும் அவதியைக் காணச் சகிக்கவில்லை என்பதே அவர் சொன்ன காரணம்! பத்து நாள்கள் கழித்து, ஜூலை 23-ம் தேதி, குடிசைகள் பிய்த்தெறியப்பட்டன.

அன்று குடிசை இழந்தவர்களில் சேலத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் உண்டு. ஊரில் வறட்சி, சொந்த நிலம் இல்லை. 1961-ல் பிழைப்புத் தேடி பம்பாய் சென்றவர். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காக உள்ளூர் தாதா ஒருவருக்கு 2,500 ரூபாய் அழுதவர். குடிசையை இடித்த கையோடு அவரது குடும்பத்தைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, வேலைக்காக அவர் மறுபடியும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார். இந்திய மண்ணின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தந்திருக்கிறது. அந்தப் பிரிவைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய சம்பவம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொழிலாளியும், இன்னொரு நடைபாதைவாசியும், ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அவர்களோடு இணைத்து விசாரிக்கப்பட்ட மற்றொரு தொகுதி மனுக்களில், விலே பார்லே அருகே நெடுஞ்சாலையோரம் இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் முன்னின்றார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் காமராஜ் நகர். 1960 வாக்கில் குழாய் பதிக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் போட்ட குடிசைகள் அவை. நாட்டின் வாழ்வுரிமைச் சட்ட வரலாற்றில் தமிழ்க் கூலிகளின் பங்கு இவ்வளவு பெரியது என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது.

1985 ஜூலை 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வில், ஜோலார்பேட்டையைச் சேர்ந்த, உச்ச நீதிமன்றத்தின் முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு நீதிபதியான ஏ. வரதராஜனும் இருந்தார். உயிர் வாழும் உரிமை என்பதில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று அமர்வு அறிவித்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் மேற்கோள் காட்டப்படும் வாசகம் அது. ஆனால், அதே தீர்ப்பு நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் கூறியது. முன்னறிவிப்பின்றி அகற்ற இடம் தரும் 1888-ம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-வது பிரிவு செல்லும் என்றும் கூறியது. மக்களுக்குக் கையில் கிடைத்தது என்ன? மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை அவகாசம். 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளுக்கு, பொதுக் காரியத்துக்கு நிலம் தேவைப்பட்டாலொழிய, பாதுகாப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழ்வுரிமை என்ற கொள்கையை அளித்தது அரசியல் சாசனம். மாற்று இடம் என்ற பொருளை அளித்ததோ மாநில அரசு எடுத்த கணக்கெடுப்பும் அதன் சொந்த உறுதிமொழிகளும். மாநில நிர்வாகம் போட்ட கோட்டின் மீதே உச்ச நீதிமன்றமும் நடந்தது. அன்று முதல் இன்று வரை மும்பையில் வீட்டு உரிமை என்பது இந்தப் பாதையிலேயே செல்கிறது.

அந்தக் கோட்டை வரைவது 1971-ம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிகள் சட்டம். (தமிழ்நாட்டிலும் இதே ஆண்டில் இதே போன்ற சட்டம் வந்தது. சென்னையில் நடந்ததற்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சாட்சி. அது தனிக் கட்டுரைக்கு உரியது.) மகாராஷ்டிரச் சட்டத்தைக் குறை கூறிவிட்டுப் போக முடியாது. குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெளியேற்ற வழக்குத் தொடுக்கக்கூட முடியாது என்கிறது அதன் 22-வது பிரிவு. பின்னர் வந்த திருத்தங்கள் 'பாதுகாக்கப்பட்ட குடியிருப்போர்' என்ற தகுதியையே உருவாக்கின. மாற்று வீடு தராமல் அவர்களை அகற்ற முடியாது. இந்திய நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும் குடிசைவாசிக்கு இந்த அளவு உறுதி தரவில்லை.

ஆனால், யார் பாதுகாக்கப்பட்டவர்? முதலில் 1995 ஜனவரி 1-க்கு முன் வந்தவர். 2014 திருத்தத்தில் அது 2000 ஜனவரி 1 ஆனது. பின்னர் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு, பணம் கட்டினால் வீடு என்று நீட்டிக்கப்பட்டது. தேர்தல்கள் வரும்போது தேதி நகர்கிறது என்று மும்பையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. தேதி முன்னே நகர்ந்ததால் லட்சக்கணக்கானோர் பயனடைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும், மனித உரிமை என்பது பிறப்பால் வருவது என்று பேசும் நாட்டில், அது ரேஷன் கார்டின் ஆண்டால் வருவது எப்படி?

தாராவிக்கு வருவோம். சுமார் 600 ஏக்கர். நகரம் தன் எல்லைக்கு வெளியே தள்ளிய தோல் பதனிடும் தொழிலோடு வந்து, சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்களில் திருநெல்வேலிச் சீமையினர் முக்கியமானவர்கள். 1887-ல் கட்டப்பட்ட பெரிய மசூதி அவர்களில் ஒரு பிரிவினரான தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. இந்த நிலத்தை மறுநிர்மாணம் செய்யும் திட்டத்துக்கு 2004-ல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன, ரத்து செய்யப்பட்டன, மீண்டும் கோரப்பட்டன. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதானி குழுமம் வென்றது. முந்தைய ஏலத்தில் வென்ற நிறுவனம் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திட்டத்தை நிறைவேற்றும் கூட்டு நிறுவனத்தில் 80 சதவீதம் அதானி குழுமத்துக்கு, 20 சதவீதம் மாநில அரசுக்கு.

அதானி என்ற பெயர் வந்ததும் தில்லியில் அவை ஸ்தம்பிக்கிறது, கோஷம் எழுகிறது, ஒத்திவைப்பு வருகிறது. ஆனால் தாராவிவாசியின் கவலை ஏலம் எடுத்தவர் யார் என்பதோடு முடிவதில்லை. தனது வீடு எந்தப் பட்டியலில் வரும் என்பதே அவனுக்கு முதல் கேள்வி. திட்ட விதிகளின்படி, 2000-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடைப்பட்டவர் இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். வீடு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், எத்தனை ஆண்டுகளாக இருந்தாலும் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கும், தாராவிக்கு வெளியே வாடகைத் தவணை வீடு.

மேல்மாடிதான் இங்கே நெஞ்சை உறுத்துகிறது. தாராவியில் குடும்பம் பெருகும்போது பக்கவாட்டில் இடமில்லை. மேலேதான் போக முடியும். அண்ணன் கீழே, தம்பி இரும்பு ஏணி ஏறி மேலே. இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். அண்ணனுக்குத் தாராவி, தம்பிக்கு முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளமாகவும் இருக்கலாம். அங்கே 250 ஏக்கருக்கு மேல் உப்பள நிலம் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தோல் பட்டறையும் தையல் கூடமும் இட்லிக் கடையும் தாராவியில் இருக்க, வீடு மட்டும் உப்பளத்துக்குப் போனால் 1985 தீர்ப்பு சொன்ன பிழைக்கும் உரிமை என்னவாகும்?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட வழக்கு மும்பையிலேயே உண்டு. செம்பூரை ஒட்டிய மாகுல். தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் இருந்த குடிசைகளை அகற்றி, சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே கட்டிய அடுக்குமாடிகளுக்கு மக்களை அனுப்பினார்கள். அங்குள்ள காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே கூறியிருந்தது. அங்கே குடியேற மறுத்தவர்களுக்கு மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும் என்று 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாழத் தகுதியில்லாத வீட்டைக் கொடுத்துவிட்டு மாற்று வீடு கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுத முடியாது என்றாகிவிட்டது. தில்லியிலிருந்து வரும் பெரிய தீர்ப்புகளைவிட இந்த ஒன்று தாராவிக்கு அதிகம் பயன்படும்.

ஏனெனில் தில்லித் தீர்ப்புகளின் எல்லையும் தெரிந்ததே. 'புல்டோசர் நீதி'க்கு எதிராக 2024 நவம்பர் 13-ல் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு அளித்த தீர்ப்பை நாடே வரவேற்றது. இடிப்பதற்கு 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது அது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ளவற்றுக்கு இது பொருந்தாது என்ற வரியும் அதிலேயே உண்டு. 1981-ல் பேருந்தில் ஏற்றப்பட்ட சேலத்துக்காரர் இன்று இருந்திருந்தால் அவருக்கு அந்த 15 நாள் கிடைத்திருக்காது.

தலைநகரிலும் இதையே பார்த்தோம். ஜங்புரா 'மதராசி கேம்ப்' 2025 ஜூன் 1-ம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் முதலில் தகுதி பெற்றவை 189. அவர்களுக்கும் வீடு நரேலாவில், நகரின் மறுகோடியில். இங்கும் ஒரு வாரியம், ஒரு கொள்கை, ஒரு தேதி.

ஐரோப்பாவில் இதற்கு மேல்முறையீடு உண்டு. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பல்லாண்டு குடியிருந்த ரோமா மக்களை வெளியேற்ற முயன்றபோது, அது குடும்ப, இல்ல வாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. நிலம் அவர்களுடையது அல்ல என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை; போக இடம் உண்டா என்று பார்த்தீர்களா என்றே கேட்டது. அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இத்தகைய நீதிமன்றங்கள் உள்ளன. ஆசியாவுக்கு இல்லை. சார்க் அமைப்பிலும் அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. ஆகவே தாராவிவாசிக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மேல் ஒரு படி இல்லை. மாநிலச் சட்டத்தை விட்டால் நடைமுறையில் வேறு பிடிப்பும் இல்லை.

ஆக்கிரமித்தவனுக்கு வீடா, அப்படியானால் மாதுங்காவில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவன் ஏமாளியா என்ற கேள்வி மும்பைத் தமிழர்களிடையேயும் உண்டு. 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில், ஆக்கிரமிப்பாளருக்கு இலவச மாற்று இடம் என்பது ஜேப்படிக்காரருக்குப் பரிசு கொடுப்பது போன்றது என்ற பொருளில் பேசியிருக்கிறது. சதுப்பை மேடாக்கியவனையும் பணப்பையைத் திருடியவனையும் ஒரே தராசில் வைக்கும் இந்த ஒப்புமை அன்றே கண்டிக்கப்பட்டது. 1966-க்குப் பிறகு சிவசேனையின் 'மதராசி' எதிர்ப்பு மாதுங்காவையும் தாராவியையும் ஒன்றாகத்தான் பார்த்தது என்பதை மாதுங்காக்காரர்கள் மறக்கலாகாது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? மற்றக் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் குடியிருப்போரின் சம்மதம் கட்டாயம். முன்பு 70 சதவீதம், பின்னர் 51 சதவீதம். தாராவியில் அது தேவையில்லை என்று விலக்கப்பட்டது. விலக்கியது அரசின் நிர்வாக முடிவு. சம்மதமும், மேல்மாடிக் குடும்பத்துக்கான உரிமையும், தகுதியில்லை என்று பட்டியலிடப்பட்டவர் நேரில் விசாரிக்கப்படும் உரிமையும் சட்டத்தின் உடலிலேயே எழுதப்பட வேண்டும். அரசாணையில் எழுதியதை அடுத்த அரசாணை அழித்துவிடும். இச்சட்டத்தின் கீழ் மும்பை உயர் நீதிமன்றத்தில் 1,600-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், சட்டத்தின் செயல்பாட்டையே தணிக்கை செய்யுமாறு 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. வாயில் திறந்திருக்கிறது. மும்பைத் தமிழ் அமைப்புகள் விழா மேடைகளுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை அந்த நீதிமன்ற அறைக்கு ஒதுக்கலாம்.

தில்லியின் பங்கும் இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரமும் உள்ளாட்சி விவகாரம்தான். ஆனாலும், பிழைக்கும் உரிமையைக் காப்பதற்காக என்று சொல்லி, 2014-ல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. தள்ளுவண்டிக்குச் செய்ததைக் குடிசைக்குச் செய்ய முடியாதா? உப்பள நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாக இருந்தது. திட்டத்தில் சேர்ந்த மாதுங்கா பகுதி நிலம் ரயில்வேயுடையது. மாநில விவகாரம் என்று கைகழுவ மத்திய அமைச்சர்களுக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் ரயில்வே அமைச்சருக்கு ஒன்று, நகர்ப்புற வளர்ச்சி அமைச்சருக்கு ஒன்று என நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை அனுப்பலாம். மாற்றி அளிக்கப்பட்ட மத்திய அரசு நிலத்தில் குடியேற்றப்படுவோரின் சம்மதத்துக்கு ஏதேனும் நிபந்தனை விதிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு அமைச்சர்கள் அவையில் பதில் சொல்லியே தீர வேண்டும்.